உடைந்த டிரில்லுக்குப் பாராட்டு விழா

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு ஏழாம் எண் இயந்திரத்தில் டிரில் ஒடிந்தது. ஒடிந்தது என்பதை வாரியம் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த இயந்திரத்தை ஓட்டியவள் இசக்கியம்மாள். முத்தையாபுரத்துக்காரி. ஐடிஐ முடித்த நாளிலிருந்து பதினாறு வருஷமாக இரும்பைக் குடைந்தே சோறு தின்பவள். அன்று அவள் குடைந்துகொண்டிருந்தது கிரேன் பின்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் ஒரு கம்பெனி இருபத்துநான்கு பின் கேட்டிருந்தது. கிரேனின் உச்சியில் இரும்பு வடம் ஓடுகிற கப்பி இருக்கிறதே, அது சுழல்வது இந்தப் பின்னின் மேல்தான். ஒரு முழ நீளம், மணிக்கட்டுப் பருமன். நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளை வழியாகக் கிரீஸ் ஏறி, பக்கவாட்டு ஓட்டையில் கசிந்து, கப்பியின் உட்புறத்தை நனைக்கும். நனைந்தால் கப்பி சுழலும். நனையாவிட்டால் கப்பி நின்றுவிடும், வடம் மட்டும் அதன்மேல் உரசித் தேய்ந்துகொண்டே ஓடும். வடம் அறுந்தால் என்ன ஆகும் என்று கீழே நிற்கிறவனிடம் அப்புறம் கேட்க முடியாது.

ஐந்து பின் நல்லபடியாக முடிந்தது. ஆறாவது பின்னில் பாதித் தூரம் போனதும் சத்தம் மாறியது. முதலில் ஒரு கீச்சு, அடுத்து சோற்றில் கல்லைக் கடித்ததுபோல ஒரு ‘டக்’, அதற்கப்புறம் ஒன்றுமேயில்லை. இரும்பைக் குடையும்போது ஒன்றுமே கேட்காமல் போவதைப்போலக் கெட்ட சத்தம் வேறு கிடையாது. இசக்கியம்மாள் சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்தாள். டிரில் மூன்று துண்டாகியிருந்தது. டிரில்லைக் கவ்வும் சக்கில் கட்டைவிரல் நீளம் ஒன்று, கீழே தட்டில் ஒன்று, மீதி பின்னின் வயிற்றுக்குள்.

தலைக்கு மேலே தொங்கிய திரையை அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒடியும்வரை ‘கருவி ஆரோக்கியம் 61’ என்று காட்டிக்கொண்டிருந்த திரை, இப்போது பச்சைப்பசேலென்று ‘98’ காட்டியது.

*

தென்கடல் இயந்திரப் பணி வாரியம் துறைமுகம் போகிற சாலையில் இருக்கிறது. பதினொரு இயந்திரங்கள், அவற்றை ஓட்ட இருபத்திரண்டு பேர். அந்த இருபத்திரண்டு பேரின் டிரில்லும் கத்தியும் தேய்கிறதா, உடைகிறதா என்று பார்க்க முப்பத்துநான்கு பேர். இவர்கள் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், குளிரில் இருப்பார்கள். பிரிவின் பெயர் ‘கருவி ஆரோக்கியக் கண்காணிப்புப் பிரிவு’.

முன்பெல்லாம் டிரில் ஒடிந்தால் ஓட்டுகிறவர் கழற்றிப்போட்டுவிட்டு, ஸ்டோரில் புதுசு வாங்கி மாட்டிவிடுவார். ஐந்து நிமிஷ வேலை. இதை ஆராய ஒரு குழு போட்டார்கள். ஊழியர்கள் காதால் கேட்டே டிரில் ஒடிந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று குழு திடுக்கிட்டு அறிக்கை கொடுத்தது. ‘மனிதக் காது அளவீட்டுச் சான்று பெற்ற கருவி அல்ல’ என்ற வரி அந்த அறிக்கையில்தான் வருகிறது. பிறகுதான் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உணர்வி வைத்தார்கள், திரை தொங்கவிட்டார்கள்.

உணர்வியின் சங்கதி ஒன்றும் பெரிய மாயமில்லை. டிரில் மழுங்க மழுங்க மோட்டார் திணறி மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். அதை அளந்து பார்த்தால் தேய்மானம் தெரியும். இதைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். வாங்கி மாட்டியவர்கள் அதில் பாதியை மட்டும் புரிந்துகொண்டார்கள். மின்சாரம் கூடினால் கருவிக்கு நோய், குறைந்தால் ஆரோக்கியம். ஒடிந்த டிரில் எதையும் குடைவதில்லை. ஆகவே மோட்டாருக்கு நோவே இல்லை. ஆகவே தொண்ணூற்றெட்டு.

இசக்கியம்மாள் போன் அடித்ததும் பிரிவின் தலைவர் செந்தில்முருகன் கையில் கைக்கணினியோடு இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டதாக ஊழியர் யாருக்கும் நினைவில்லை.

“சார், டிரில்லு ஒடிஞ்சிட்டு.”

அவர் திரையைப் பார்த்தார். “தொண்ணூத்தெட்டுல இருக்கேம்மா.”

“திரைய விடுங்க சார். இங்கன பாருங்க, மூணு துண்டாக் கெடக்கு.” தட்டில் கிடந்த துண்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் ஓரடி பின்னால் போனார்.

“இது காட்சிச் சான்று, இசக்கியம்மா. காட்சிச் சான்றை நாங்க எடுத்துக்க முடியாது. நீங்க பார்த்ததை நான் பார்த்தேன்னு வச்சிக்கோங்க, அப்ப ரெண்டு பேர் பார்த்திருக்கோம். அவ்வளவுதான். அது தரவு ஆகாது.”

“அப்ப இது என்னத்த சார்?”

“அதை நாங்க ‘பிரிந்த பகுதி’ன்னு சொல்வோம்.”

“சரி சார், பேரு என்னவும் இருந்துட்டுப் போவுது. புது டிரில் ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க.”

“ஆரோக்கியம் இருபதுக்குக் கீழ போனாத்தான் ஸ்டோர்ல புதுசு குடுக்க அனுமதி. உங்களுது தொண்ணூத்தெட்டு.” செந்தில்முருகன் அவளைப் பரிவோடு பார்த்தார். “நல்லா இருக்கற கருவியைக் கழற்றச் சொல்றீங்களே, மனசு வருதா?”

பக்கத்து இயந்திரத்தில் லிங்கராஜ் நின்றுகொண்டிருந்தார். வாரியத்தில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர், எப்போது வாயைத் திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவருடைய இயந்திரத்தில் அன்று காலைதான் புத்தம் புதுக் கத்தி மாட்டியிருந்தது. கெட்டியான இரும்பை ஆழமாகச் சீவியதால் திரை பத்தொன்பதைக் காட்டியது. செந்தில்முருகன் திரும்பிப் போகும்போது அந்தப் புதுக் கத்தியைக் கழற்றச் சொல்லி, ‘ஆயுள் முடிந்தது’ என்று முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் லிங்கராஜ் சொன்னார், “ஏளா இசக்கி, பேசாம பச்சப் பொத்தான அமுக்கு. ஒடிஞ்சது ஓடட்டும்.”

“எங்கன அண்ணாச்சி ஓட? இரும்பத் தொடவே செய்யாதே!”

“தொட்டாத்தான வம்பு.”

*

இசக்கியம்மாள் ஓட்டினாள். ஓட்டவேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவு வந்துவிட்டது. ஆறாவது பின்னைக் கழற்றி அலமாரியில் தனியே வைத்து, அதன்மேல் சாக்கட்டியால் ‘வேண்டாம்’ என்று எழுதினாள். ஏழாவதை மாட்டினாள். கட்டைவிரல் நீளத் துண்டு நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது, பின்னின் முகத்துக்கு ஒரு நகக்கண் தூரத்தில் நின்று காற்றைக் குடைந்தது, வந்த வழியே திரும்பிப் போனது. திரை ‘ஒரு பின் நிறைவு’ என்றது. இப்படியே பதினெட்டுப் பின்களும் நிறைவடைந்தன. ஒன்றிலும் துளை இல்லை.

துளையின் வாயில் மரை போட்டு, கிரீஸ் ஏற்றும் குமிழான நிப்பிளைத் திருகவேண்டியது லிங்கராஜின் வேலை. அவர் ஒரு பின்னைக் கையில் எடுத்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்க் கேட்டார்: “சார், ஓட்டையே இல்லாத எடத்துல எப்படி மரை போட?” பிரிவில் கூடிப் பேசினார்கள். மறுநாள் பதில் வந்தது. துளை இல்லாத பின்களுக்கு மரை போடுவதிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. ஆனால் வரைபடத்தில் நிப்பிள் இருப்பதால் நிப்பிள் இருந்தாகவேண்டும். ஆகவே அதைப் பசை கொண்டு ஒட்டலாம்.

லிங்கராஜ் பதினெட்டு நிப்பிளையும் ஒட்டினார். ஒட்டும்போது அவர் இசக்கியம்மாளின் பக்கம் திரும்பவில்லை.

ஆறாவது பின்னில் துளையின் வாய் இருந்தது; வயிற்றில் டிரில் துண்டும் இருந்தது. அதில் மட்டும் நிப்பிள் முறைப்படி ஏறிக்கொண்டது. யாரோ சாக்கட்டி எழுத்தைத் துணியால் துடைத்துவிட்டார்கள். சுத்தம் வாரியத்தின் இரண்டாவது கொள்கை.

பின் தீர்ந்த பிறகும் இயந்திரத்தை நிறுத்த விடவில்லை. கடைசிப் பின்னையே மாட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் குடையச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் உற்பத்தி நானூற்றுப் பன்னிரண்டு பின்கள் என்று ஆனது. ஆரோக்கியம் மட்டும் தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. ‘வாரிய வரலாற்றில் நீண்ட ஆயுள் கொண்ட கருவி’ என்று சுற்றறிக்கை வந்தது. மற்ற ஊர்ப் பணிமனைகளிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து, கண்ணாடிக் கதவு வழியாக அந்தத் துண்டைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். “தேய்மானமே இல்லியா?” என்று ஒருவர் கேட்டார். “எதுல தேய?” என்றாள் இசக்கியம்மாள். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மற்றப் பத்து இயந்திரங்களும் தொண்ணூற்றெட்டை எட்டவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். லிங்கராஜ் தன் கத்தியை இரும்பிலிருந்து அரை அங்குலம் விலக்கி வைத்துத் தொண்ணூற்றொன்பது வாங்கினார். ஒரே வாரத்தில் பட்டறை கோயில்போல அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியில்தான் இசக்கியம்மாளுக்கு இரண்டு கடிதம் ஒரே உறையில் வந்தது. ஒன்று, சிறந்த இயந்திர இயக்குநர் விருதுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னது. மற்றது மெமோ. செவ்வாய்க்கிழமை பதினொன்றேகால் மணிக்கு, அனுமதியின்றி, பணி நேரத்தில், இயந்திரத்தின் ஓசையைக் காதால் கேட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் திருப்தியாக இல்லாததால், அடுத்த திங்கள் முதல் மூன்று நாள் ‘புலன்சாராப் பணிமுறை’ பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சி டவுனில் ஓர் ஓட்டல் மாடியில் நடந்தது. வெண்பொங்கல் நன்றாக இருந்தது. பயிற்சியாளர், “காது கேட்கலாம், நீங்கள் கேட்கக்கூடாது” என்று தொடங்கி மூன்று நாளும் அதையே சொன்னார். முடிவில் தேர்வு வைத்தார்கள். டிரில் ஒடியும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். திரும்பிப் பார்க்காதவர் தேர்ச்சி. இசக்கியம்மாள் உட்கார்ந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ‘டக்’ வந்ததும் அவள் கை சிவப்புப் பொத்தானைத் தேடி மேசைக்கடியில் துழாவியது. தோல்வி. நான்காம் நாளும் இருக்கச் சொன்னார்கள்.

*

வெள்ளிக்கிழமை காலை அவள் பட்டறைக்குத் திரும்பியபோது உள்ளேயே பந்தல் போட்டிருந்தார்கள். அன்று மூன்று மணிக்குப் பாராட்டு விழா. ஏழாம் எண் இயந்திரத்துக்கு மாலை போட்டு, சக்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அவள் நேரே அலமாரிக்குப் போனாள். ஆறாவது பின்னைக் காணவில்லை.

“லிங்கராஜ் அண்ணாச்சி, இங்கன தனியா ஒரு பின்னு வச்சிருந்தேனே?”

லிங்கராஜ் தரையைப் பார்த்தார். “திங்கக்கெழமையே போயிட்டுளா.”

“எங்கன?”

“ஆர்பருக்கு. அந்தக் கம்பெனி போர்மேன் ஜெயகணேஷ் வந்தான். கிரேன் ஒண்ணு நிக்கி, அவசரமா ஒரு பின்னு வேணும்னான். செந்தில்முருகன் சார்தான் தேடி எடுத்துக் குடுத்தாவ. அந்தப் பின்னு குடையும்போதுதான் ஆரோக்கியம் அறுவத்தொண்ணுலேர்ந்து தொண்ணூத்தெட்டுக்கு ஏறுச்சாம். வாரியத்துலயே ஒசந்த பின்னு இதுதான்னு சர்டிபிகேட்டு போட்டுக் குடுத்தாவ.”

“நீங்க பாத்துக்கிட்டா நின்னிய?”

லிங்கராஜ் சரக்குச் சீட்டின் நகலை எடுத்து நீட்டினார். அதில் ஜெயகணேஷின் நம்பர் இருந்தது.

அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று விரல் விட்டு எண்ணினாள். நாலு நாள் கிரீஸ் இல்லாமல் ஒரு கப்பி. வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் கையெழுத்துப் போடவேண்டியவர்கள் எல்லாரும் பந்தலுக்கு வாழை கட்டுவதைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் கேட்காமல் கேட்டைத் தாண்டி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

துறைமுக வாயிலில் பாஸ் இல்லாமல் விடமாட்டேன் என்றார் காவலர். அது அவருடைய வேலை. “அண்ணாச்சி, ஜெயகணேஷ்னு ஒருத்தர், காத்தாடி றெக்கை ஏத்துத கம்பெனி. அவர மட்டும் எப்படியாவது பேசச் சொல்லுங்க. கிரேன் பின்னு கோளாறு. ஆளு செத்துருவான்.” காவலர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு விண்ணப்பமும் கேட்காமல் உள்ளே யாரையோ கூப்பிட்டார். அவளுக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது.

மதிலுக்கு மேலே கிரேனின் கை தெரிந்தது. காற்றாலை இறக்கை ஒன்று வெள்ளைத் திமிங்கலம்போல அதில் தொங்கிக்கொண்டு மெல்ல மெல்ல நகர்ந்தது. அவள் அதைப் பார்க்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது.

“யாரு?”

“வாரியத்துலேர்ந்து இசக்கியம்மா பேசுதேன். அந்தப் பின்ன குடைஞ்சவ நான்தான். உள்ளுக்குள்ள டிரில் துண்டு சிக்கிக் கெடக்கு. கிரீஸ் போவாது. கிரேன நிறுத்துங்க.”

“சர்டிபிகேட்டுல தொண்ணூத்தெட்டு போட்டிருக்கேக்கா.”

“கிரீஸ் அடிச்சியளா? ஏறிச்சா?”

“ஏறல. நெறஞ்சிருக்கு போலன்னு விட்டுட்டோம்.” அப்புறம் போனை மூடாமலே அவன் கத்தியது கேட்டது: “ஏலே, கீழ நிக்கவன்லாம் விலகுங்கல! றெக்கைய எறக்கு! மெதுவால, மெதுவா!”

மதிலுக்கு மேலே அந்த வெள்ளை இறக்கை தயங்கி நின்றது. பிறகு அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி மறைந்தது. இசக்கியம்மாள் வாயிலோரம் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காவலர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

*

மூன்று மணிக்கு, வெளியூர்ப் பணிமனைக்காரர்களும் வந்திருக்க, விழா தொடங்கியது. சிறந்த இயக்குநர் என்பதால் இசக்கியம்மாளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அனுமதியின்றி வெளியே போனதற்கான மெமோவை நாற்காலியிலேயே வைத்திருந்தார்கள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

செந்தில்முருகன் பேசினார்.

“நண்பர்களே, இரும்பைத் தொடும்போதுதான் கருவி தேய்கிறது என்பதை நமது பிரிவு புள்ளிவிவரத்தோடு கண்டறிந்துள்ளது. தொடாத கருவி தேய்வதில்லை. இதுவரை உலகம் தேய்மானத்தை அளந்துகொண்டிருந்தது. நாம் அதன் காரணத்தையே அகற்றிவிட்டோம். இந்த அமைப்பை விற்றவர்கள், மின்சாரம் திடீரென்று குறைந்தால் கருவி உடைந்தது என்று பொருள், அதற்கு ஓர் எச்சரிக்கை மணி உண்டு என்றார்கள். முதல் மாதம் அந்த மணி ஒன்பது முறை அடித்தது. ஒன்பது முறையும் மாதாந்திர அறிக்கை கெட்டது. நான் தனிப்பட்ட முறையில் முடிவெடுத்து அந்த மணியை அணைத்தேன். அன்றிலிருந்து இந்த வாரியத்தில் ஒரு கருவிகூட உடைந்ததில்லை.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்து பொது மேலாளர் சங்கரபாண்டியன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. கண் கலங்கியிருந்தது. “இந்தச் சின்னத் துண்டைப் பார்க்கும்போது என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். எத்தனையோ பிரச்சினைகள் என் முன்னால் வந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. கிட்டத்தில் போயிருக்கிறேன், சுற்றியிருக்கிறேன், திரும்பி வந்திருக்கிறேன். அதனால்தான் இன்றைக்கும் தேயாமல் உங்கள் முன்னால் நிற்கிறேன்.”

இதற்கு லிங்கராஜ்கூடக் கைதட்டினார். கை தன்னால் தட்டிவிட்டது என்று பின்னால் சொன்னார்.

அந்த நேரத்தில் ஜெயகணேஷ் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் கரி. கையில் ஒரு சாக்கு. மேடையேறி, பூங்கொத்துகளைத் தள்ளிவிட்டு, சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தான். மேசைமேல் பின் உருண்டது. வெந்து நீலம் பாரித்து, நடுவில் வரிவரியாகக் கிழிந்திருந்தது. அதன் பின்னே ஒரு முழ இரும்பு வடம் விழுந்தது. பாதி இழைகள் அறுந்து சிலிர்த்துக்கொண்டு நின்றன.

“கப்பி சுத்தவே இல்ல. வடம் இந்தா, பாருங்க. கீழ ஆறு பேரு நின்னானுவ. இன்னும் ஒரு றெக்கை தூக்கியிருந்தா ஆறு வீட்டுக்கு நான் போயி நின்னிருக்கணும். என்ன பின்னுவே குடுத்தீரு?”

சங்கரபாண்டியன் பதறவில்லை. “தம்பி, சான்றிதழ் வச்சிருக்கீங்களா?”

“இருக்கு.”

“அதுல என்ன போட்டிருக்கு?”

“தொண்ணூத்தெட்டு.”

“அப்ப என்ன குறை?”

இப்படி ஒரு கேள்வியை ஜெயகணேஷ் இதுவரை கேட்டதில்லை.

இசக்கியம்மாள் எழுந்தாள். மேடையோரம் காட்சிக்கு அடுக்கியிருந்த பின்களில் ஒன்றை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தை நிப்பிளுக்கடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். வேர்க்கடலைத் தொலிபோல அது பெயர்ந்து வந்தது. அதைச் செந்தில்முருகனின் உள்ளங்கையில் வைத்தாள். அடுத்ததைப் பெயர்த்தாள். அடுத்ததையும். பதினெட்டையும் பெயர்த்து அவர் கையில் நிரப்பினாள். சில விழுந்து உருண்டன.

“இதுல தொள எங்கன இருக்குன்னு காட்டுங்க சார். ஒண்ணே ஒண்ணுல காட்டுங்க. வெளியூர்க்காரவ பாக்கட்டும்.”

செந்தில்முருகன் பின்களைப் பார்க்கவில்லை, ஏழாம் எண் இயந்திரத்தின் மேலே தொங்கிய திரையைப் பார்த்தார். “இசக்கியம்மா, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. இப்பவும் தொண்ணூத்தெட்டுதான் இருக்கு.”

“ஆறு பேரு சார்!” அவள் மேசைமேல் கிடந்த வடத்தை எடுத்து நீட்டினாள். “ஆறு பேரு கீழ நின்னிருக்கானுவ! அந்த நெனப்பே உங்களுக்கு வரல்லியா?”

“அவங்க எங்க கண்காணிப்பு எல்லைக்குள்ள வரமாட்டாங்கம்மா” என்றார் அவர். வருத்தமாகத்தான் சொன்னார்.

*

விசாரணைக் குழு மூன்று வாரம் கூடியது. இசக்கியம்மாளைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டு, ஒவ்வொரு அமர்வுக்கும் வரவழைத்தது. வெந்த பின்னைக் குறுக்கே அறுத்துப் பார்க்கும்படி ஜெயகணேஷ் எழுதிக் கொடுத்தான். அறுப்பது சான்றுக்குச் சேதம் என்று மறுத்தார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது. டிரில் ஒடியவில்லை. பின் வெந்ததற்குக் காரணம், அதைக் கிரேனில் பயன்படுத்தியது. இயக்குநர் இசக்கியம்மாள் காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, மூன்றாம் நபரிடம் வாயால் சொன்னது என மூன்று புலன்களாலும் விதி மீறியிருக்கிறார். இருந்தாலும் கருணை உண்டு. ‘அன்று எந்த ஓசையும் எழவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் திரும்ப வேலையில் சேரலாம்.

லிங்கராஜ் பேனாவை நீட்டிக்கொண்டு வந்தார். “எழுதிக் குடுத்துரு தாயி. ஒரு வரிதான. நான் எத்தன வரி எழுதியிருக்கேன்.”

“தெரியும் அண்ணாச்சி” என்றாள். பேனாவை வாங்கவில்லை.

இதற்கிடையில் ஜெயகணேஷின் கம்பெனி, தான் கொடுத்த இரும்பாயிற்றே என்று பதினெட்டுப் பின்களையும் திருப்பி வாங்கிக்கொண்டு, வாரியத்துக்கு இனி வேலை தருவதில்லை என்று சொல்லிவிட்டது. செய்தி துறைமுகம் முழுக்கப் பரவ, மீன்பிடி விசைப்படகுக்காரர்கள்வரை மாப்பிள்ளையூரணிப் பக்கம் இருந்த லேத் பட்டறைகளைத் தேடிப் போனார்கள். ஒரு மாதத்தில் வாரியத்துக்கு ஒரு ஆர்டரும் இல்லை. பதினொரு இயந்திரங்களும் நின்றுபோயின. மோட்டார்கள் மின்சாரமே இழுக்காததால் பதினொரு திரைகளும் ஒருசேர நூறைத் தொட்டன. மாடியில் இனிப்பு வழங்கினார்கள். இந்த முறையை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகச் செந்தில்முருகனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

ஜெயகணேஷ் தன் கம்பெனியின் பழுதுபார்க்கும் ஷெட்டில் ஆள் வேண்டும் என்று இசக்கியம்மாளைக் கூப்பிட்டான். துளையில்லாத பதினெட்டுப் பின்கள் அங்கே காத்துக் கிடந்தன. அவள் விடுவிப்புக் கடிதம் வாங்க வாரியத்துக்குப் போனாள். நிர்வாகப் பிரிவில் ரேச்சல் என்று ஒரு எழுத்தர். நாசரேத்திலிருந்து புதிதாக வந்திருந்த பெண். கணினியில் படிவத்தைத் திறந்து பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், பிரிவு, சேர்ந்த நாள் எல்லாம் முடிந்தது.

“வேலையை விடுறதுக்குக் காரணம் என்னன்னு போடணும்க்கா.”

இசக்கியம்மாள் யோசித்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதில் எதையும் செய்தவளல்ல.

“வேலை செய்யணும்னு போடும்மா.”

ரேச்சல் திரையில் மேலும் கீழும் தேடினாள். திருமணம், உடல்நலம், இடமாற்றம், மரணம் எல்லாம் இருந்தன. இரண்டாம் முறையும் தேடிவிட்டுத் தயக்கத்தோடு நிமிர்ந்தாள்.

“அப்படி ஒரு காரணம் லிஸ்ட்ல இல்லியேக்கா.”